ரூதர்க்ளென் போய் வந்த கம்பளி

மெல்பர்ன்
18 மார்ச் 1996

அன்புள்ள லெஸ்டர்,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீ கேட்க மாட்டாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். என் தோழி மோய்ராவின் காரில் பின்கதவு ஒன்று வழியெல்லாம் ஆடிக்கொண்டே வந்தது. அதைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தவன் நீ என்பதால் அவள் உன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நீ இடம் வைத்தால் அல்லவா?

முதலில் நன்றி. உன் வீட்டுக்காரி ஹேசலின் வெள்ளரி ஊறுகாய்ப் பாட்டில் இதற்குள் பாதி காலி. அவள் கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாட்டைப் பழைய தோட்டத்தில், திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே, தரையில் கம்பளி விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோமே, அதுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பொழுது. அப்பா இருந்தபோதும் பறிப்புக் காலத்தில் அப்படித்தான் சாப்பிடுவோம். தட்டில் எறும்பு ஏறினால்கூட நகர விடமாட்டார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நானும் மோய்ராவும் இந்த முறை ஒயின் விளையும் சின்ன ஊர்கள் ஏழெட்டு சுற்றினோம். பீச்வொர்த்தில் ரொட்டிக் கடைக்காரி எங்களுக்காக மூடின கடையைத் திறந்தாள். ரூதர்க்ளெனில் ஒரு பெரியவர் தன் தோட்டத்துக்குள்ளேயே எங்களை உட்கார வைத்து, தன் அப்பா காலத்துப் பீப்பாயிலிருந்து மஸ்கட் ஒயின் ஊற்றிக் கொடுத்தார். போன இடமெல்லாம் மனிதர்களாக நடத்தினார்கள். கடைசியில் என் சொந்த ஊருக்கு வந்தால், கூடப் பிறந்த தம்பி தோட்டத்து வாசலில் பிளீச் வாளியோடு நிற்கிறான்.

நான் பூட்ஸைக் கழுவ மாட்டேன் என்றா சொன்னேன்? நானும் திராட்சைக்காரன் மகள்தான். ரூதர்க்ளென் பக்கத்து மண்ணில் வேர்ப்பேன் இருப்பது எனக்குத் தெரியாதா? அது வேரைத் தின்றால் கொடி சாகும், மருந்து கிடையாது, நம் பரோசாப் பள்ளத்தாக்குக்குள் மட்டும் அது இன்னும் வரவில்லை என்பதையெல்லாம் ஜெபத்துக்கு அடுத்தபடியாக அப்பா நமக்குச் சொல்லிக் கொடுத்தார். ரூதர்க்ளெனை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு ஜோடி பூட்ஸையும் கழுவினேன். உனக்காக மறுபடியும் கழுவினேன்.

ஆனால் மோய்ராவுக்கு எழுபது வயது. அவளை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, "குதிகாலையும் நல்லாத் தேய்ங்க, நீங்க ஊர் ஊரா பொறுக்கிட்டு வந்த அழுக்கு எங்களுக்கு வேணாம்" என்றாய். அவள் உன் ஊரை அழகு, அழகு என்று புகழ்ந்துகொண்டிருந்தாள். "அழகா இருக்குன்னுதானே ஆளாளுக்கு வந்து மிதிக்கிறீங்க" என்று அதற்கு ஒரு பதில். விருந்தாளியிடம் பேசுகிற பேச்சா அது?

அவளுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிப் போடு. ஒரு வரி போதும், உன்னிடம் அதற்கு மேல் இருக்காது. படச்சுருளைக் கழுவக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன்.

உன் அக்கா,
இல்மா


எபன்ஃபெல்ட்
23 மார்ச் 1996

அக்கா,

மோய்ராவுக்கு எழுத மாட்டேன்.

நீ தொலைபேசியில் கூப்பிடாமல் கடிதம் எழுதியது நல்லதாகப் போயிற்று. தொலைபேசியில் உன்னோடு பேசினால் எனக்கு "ஹலோ" மட்டும்தான் மிஞ்சும்.

அழகான ஊர் என்கிறீர்கள். உரமும் கம்பியும் விற்ற கடை இப்போது மெழுகுவத்தி விற்கிறது. லாவெண்டர் வாசனை, எலுமிச்சை வாசனை. எனக்கு நாலு ஆணி வேண்டுமென்றால் தனுண்டா போக வேண்டியிருக்கிறது. இறைச்சிக் கடைக்காரன் மெட்வர்ஸ்ட் தொத்திறைச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, நாடா கட்டி விற்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பஸ்ஸில் வந்தவர்கள் எங்களைப் படம் எடுக்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணப் பெண், வெள்ளை உடுப்போடு என் கேட்டில் ஏறி நின்றாள். இறங்கச் சொன்னேன். "இங்க ஒயின் ருசி பார்க்க முடியாதா?" என்றாள். "இங்க விக்கிறதில்ல, பழம் மட்டும்தான்" என்றேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு அழகா வச்சிருக்கீங்க?" என்கிறாள். இவளிடம் நான் என்ன சொல்ல?

நீ மெல்பர்ன்காரி ஆகி முப்பது வருஷம் ஆகிவிட்டது, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். பழைய தோட்டத்துக் கொடிகள் தாத்தாவின் அப்பா நட்டவை. ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்பவை. அந்த வேருக்கு வேர்ப்பேனைத் தாங்கத் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன் பழைய கொடியை யாரும் சீந்தவில்லை, அரசாங்கமே பணம் கொடுத்துப் பிடுங்கச் சொன்னது. இந்தத் தெருவில் நானும் மெர்வினும் மட்டும்தான் பிடுங்கவில்லை. எங்களைப் பைத்தியம் என்றார்கள். இப்போது அதே பழத்துக்கு ஒயின் ஆலைக்காரன் வீடு தேடி வருகிறான். இன்னும் மூன்று வாரத்தில் அதைப் பறிக்க வேண்டும். என் தோட்டத்துக்கும் மெர்வின் தோட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒற்றைக் கம்பி. எனக்கு வந்தால் அவனுக்கும் வரும். அதனால்தான் வாளி. எழுபது வயதுக் குதிகாலிலும் மண் ஒட்டும்.

ஊறுகாய் பிடித்ததென்று ஹேசலிடம் சொன்னேன். பாட்டிலைத் திருப்பி அனுப்பச் சொன்னாள்.

லெஸ்டர்


மெல்பர்ன்
28 மார்ச் 1996

லெஸ்டர்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ஹேசல் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

படங்கள் வந்துவிட்டன. இரண்டு படங்களை மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று ரூதர்க்ளெனில் அந்தப் பெரியவர் தோட்டத்தில் எடுத்தது. கொடிகளுக்கு நடுவே மோய்ராவின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளி, அதன் மேல் கையில் கிண்ணத்தோடு நான். இன்னொன்று உன் பழைய தோட்டத்தில் எடுத்தது. அதே கம்பளி, அதன் மேல் வாய் நிறைய மெட்வர்ஸ்டோடு நீ. இரண்டுக்கும் நடுவே நாலே நாள்.

நாங்கள் அதைத் துவைக்கவில்லை. பூட்ஸை இரண்டு தடவை கழுவினோம், கார்ச் சக்கரத்தைக் கழுவினோம், மோய்ராவின் கைத்தடி முனையைக்கூடத் துடைத்தேன். கம்பளியைப் பற்றி எனக்கு ஒரு நினைப்புமே வரவில்லை. "உதறினேன்னுதான் நெனைக்கிறேன்" என்கிறாள் மோய்ரா. காரின் பெட்ரோல் மூடியை மூடிவிட்டதாகவும் அவள் நினைத்தாள்தான், பாதி வழியில் அது இல்லை.

நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். கோடை முடிகிற இந்த மாதங்களில்தான் அதன் குஞ்சுகள் வேரை விட்டு மேலே ஊர்ந்து வருமாம். கண்ணுக்குத் தெரியாத அளவு. தீனி இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்குமாம். துணியில் ஒட்டிக்கொண்டும் போகுமாம்.

இன்னொன்றும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வாசலில் வாளிக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு நிற்கும்போது, காரின் பின்பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துக்கொண்டு போய் விரித்தவன் நீதான். குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். அந்த வாளியோடு நீ அடித்த கூத்துக்கு எனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தப்பு என்னுடையது. கம்பளியைக் கொண்டுவந்தவள் நான்.

வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. வந்திருக்கலாம். இன்றைக்கே வேளாண் அலுவலகத்துக்குச் சொல். மெர்வினிடம் சொல்.

இல்மா


எபன்ஃபெல்ட்
1 ஏப்ரல் 1996

அக்கா,

கடிதம் இன்றைக்கு வந்தது. ஏப்ரல் முதல் தேதி என்பதால் விளையாடுகிறாய் என்று நினைத்தேன். உனக்கு விளையாட்டு வராது என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தப் படத்தைக் கிழித்துப் போடு. கம்பளியை எரி. மோய்ராவின் வாயையும் ஏதாவது செய்.

யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன். ஆலைக்காரன் பத்தாம் தேதி பழத்தில் இனிப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க வருகிறான். வேர்ப்பேன் என்ற சொல் காதில் விழுந்தாலே அவன் வண்டியைத் திருப்பிவிடுவான். என் பழத்தை மட்டுமா வேண்டாம் என்பான், இந்தத் தெருவையே வேண்டாம் என்பான். எல்லாம் ஒரு "வந்திருக்கலாம்"க்காக.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, நீ ஊர் ஊராகச் சுற்றியதற்கு நான் இங்கே தூக்கம் கெட வேண்டியிருக்கிறது. வீட்டில் பேசாமல் இருந்து பியானோ வாசிக்க உனக்கு என்ன கேடு?

ஹேசலிடம் சொல்லவில்லை. தொலைபேசி சமையலறையில் இருக்கிறது, கூப்பிடாதே.

லெஸ்டர்


மெல்பர்ன்
4 ஏப்ரல் 1996

லெஸ்டர்,

கம்பளியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பிறகு எரித்தும் விட்டேன். மோய்ராவுக்குப் புதிது வாங்கித் தந்தாகிவிட்டது. படத்தைக் கிழிக்க மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு என்னைக் கூட்டுச் சேர்க்காதே.

நீ என்ன நினைக்கிறாய்? நீ சொல்லாமல் இருந்தால் பேனும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுமா? மெர்வின் தினமும் அந்தக் கம்பியைத் தாண்டி உன் பக்கம் வருகிறான், உன் பறிப்புத் தொட்டிகளை எடுத்துப் போகிறான், உன் மண்வெட்டியை இரவல் வாங்குகிறான். அவன் பூட்ஸ் அவன் மகன் தோட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்துக்குப் போகிறது. ஒரு பறிப்புக் காலம் முடிவதற்குள் நம் பள்ளத்தாக்கில் அது போகாத இடம் இருக்காது. இதையெல்லாம் அப்பா சொல்லும்போது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அவர் சொல்வதைக் கேட்காமல் நாய்க்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

பிடுங்கச் சொன்ன காலத்தில் உன்னோடு சேர்ந்து பிடுங்காமல் நின்றவன் அவன். அவனுக்கா இதைச் செய்கிறாய்?

அடுத்த வார வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன். நீ கூப்பிடவில்லை என்றால் நானே அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சொல்வேன்.

இல்மா


எபன்ஃபெல்ட்
9 ஏப்ரல் 1996

அக்கா,

நீ கூப்பிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே. ஈஸ்டருக்கும் வேண்டாம், சாவுக்கும் வேண்டாம்.

நீ நினைக்கிற மாதிரி நான் நிம்மதியாக இல்லை. விடிந்ததும் போய், கம்பளி விரித்த இடத்தில் ஒரு கொடியைச் சுற்றித் தோண்டி, வேரை எடுத்து, ஹேசல் தையலுக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ இருந்தது. மண்ணாகவும் இருக்கலாம். பேனாகவும் இருக்கலாம். ஐம்பத்தொன்பது வயதாகிறது, என் சொந்த வேரைப் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டேன்.

பழைய தோட்டத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் யாருக்கும் தெரியாமல் பூட்ஸைக் கழுவுகிறேன். தொட்டிகளைப் பூட்டிவிட்டேன். மண்வெட்டி உடைந்துவிட்டது என்று மெர்வினிடம் பொய் சொன்னேன். நேற்று கம்பியருகே பேச வந்தான். நான் பின்னாலேயே நகர்ந்து போனேன். "என்னப்பா, என் மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டான். முதுகு வலி என்றேன். சாயங்காலம் தன் மனைவியிடம் எனக்கு வலி மருந்து கொடுத்தனுப்பினான்.

சொன்னால் என்னை யாரும் திட்ட மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம். திட்டினால் நானும் திரும்பத் திட்டிவிடுவேன். இவர்கள் ஒன்றும் சொல்லாமல் தேவாலயத்தில் ஒரு பெஞ்சு தள்ளி உட்காருவார்கள். பிறகு யார் கொண்டுவந்தது என்று கேட்பார்கள். நான் உன் பேரைச் சொல்ல வேண்டும். இங்கே பாதிப் பேருக்கு நீதான் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக் கல்யாணம் செய்து வைத்தாய். உனக்கு அங்கே மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு உண்மை பேசுவது சுலபம். பேசிவிட்டு மோய்ராவோடு அடுத்த அழகான ஊருக்குப் போவாய். நான் இங்கேயே இருக்க வேண்டியவன்.

ஆலைக்காரன் நாளைக்கு வருகிறான்.

லெஸ்டர்


மெல்பர்ன்
13 ஏப்ரல் 1996

லெஸ்டர்,

வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

உன் மிரட்டலுக்குப் பயந்து இல்லை. வாசலை மிதிக்காதே என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்காகவும் இல்லை. நான் சொன்னால் நீ ஒளித்தவன் ஆகிவிடுவாய். நீயே போய்ச் சொன்னால் சொன்னவன் ஆவாய். அந்த ஊரில் கடைசிவரை இருக்க வேண்டியவன் நீ என்று நீயே எழுதியிருக்கிறாய். எந்த ஆளாக இருக்கப் போகிறாய் என்பதை நான் முடிவு செய்ய முடியாது.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். மோய்ரா நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் சீட்டு விளையாட வரும் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இது பயணத்தில் நடந்த ஒரு வேடிக்கை. நேற்று ஒருத்தி என்னிடம், "உங்க தம்பி தோட்டம் இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேக்கைத் தின்றுகொண்டே கேட்டாள். அவள் தட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. மெல்பர்னில் சீட்டாடும் நாலு கிழவிகளுக்குத் தெரிந்த விஷயம், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மெர்வினுக்குத் தெரியாது. அவன் உன் முதுகுக்கு மருந்து கொடுத்தனுப்புகிறான். உனக்கு அது எப்படிப் பொறுக்கிறது?

மோய்ரா அடுத்த மாதம் கூனவாரா போகலாம் என்கிறாள். எனக்கு எந்த ஊரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ மெர்வினிடம் சொல்லும்வரை அங்கேயும் வர மாட்டேன். நீ வராதே என்றதால் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் வீட்டில் என்னால் ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது.

என் பேரைச் சொல்லிவிடு. நான் தாங்கிக்கொள்வேன்.

இல்மா


எபன்ஃபெல்ட்
5 மே 1996

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது, பொறுமையாகப் படி.

ஆலைக்காரன் பத்தாம் தேதி வந்தான். பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, இப்படிப் பழம் இந்த வருஷம் எங்கேயும் பார்க்கவில்லை என்றான். இருபத்திரண்டாம் தேதி பறிக்கலாம் என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அதற்கு அப்புறம் உன் கடிதம் வந்தது. சீட்டாடுகிற கிழவிகளைப் பற்றிப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு மோய்ரா எதிரில் இருந்திருந்தால் வாளியைத் தலையில் கவிழ்த்திருப்பேன். அவளோடு சேர்த்து உன்னையும். கொஞ்ச நேரம் கழித்து என் தலையிலும்.

ஹேசலிடம் முதலில் சொன்னேன். "இதுக்குத்தான் அந்த பூட்ஸக் கழுவிக் கழுவி வெளுக்க வச்சியா? நான் வேற என்னமோ ஏதோன்னு பயந்து போயிருந்தேன்" என்றாள். வேறு என்னவென்று பயந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளே அலுவலகத்துக்கு எண்களை அழுத்தி, தொலைபேசியை என் கையில் திணித்தாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எல்லாரும் பக்கத்துக் கூடத்துக்கு வாருங்கள், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று பாதிரியாரை அறிவிக்கச் சொன்னேன். முழு ஊரும் வந்தது. நான் ஏதோ ஓய்வு பெறுவதைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்து யாரோ கேக் செய்துகொண்டு வந்திருந்தார்கள்.

எழுந்து நின்று சொன்னேன். "என் பழைய தோட்டத்துக்கு வேர்ப்பேன் வந்திருக்கலாம். ரூதர்க்ளென்ல தோட்டத்துக்குள்ள விரிச்ச கம்பளிய அப்படியே இங்க கொண்டாந்து விரிச்சாச்சு. அலுவலகத்துல சொல்லிட்டேன். யாரும் என் பக்கம் வராதீங்க."

பின்னாலிருந்து ஒரு குரல், "யார் கம்பளி?" என்று கேட்டது.

"என்னோடது" என்றேன்.

முன்யோசனை ஒன்றும் இல்லை. வாய் அப்படித்தான் சொல்லிற்று.

மெர்வின் எழுந்தான். "நீ எப்பப்பா ரூதர்க்ளென் போன?"

"போன மாசம்."

"லெஸ்டர், நீ அடிலெய்டுக்கே பல்லு புடுங்கத்தான் போவ. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வந்துருவ. பறிப்புக் காலத்துல நீ ரூதர்க்ளென் போனியா?"

ஹேசல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். முதலில் ஒருத்தி சிரித்தாள். அடுத்த நிமிஷம் கூடம் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு பெரிய கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டு நான் நிற்கிறேன், இவர்கள் நான் எந்த ஊருக்கும் போகாதவன் என்பதை நினைத்துச் சிரிக்கிறார்கள். "இல்மாதான வந்திருந்தா, அந்தக் கயித்துக் கதவு காருல" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான். உன் பேர் வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கம்பளி யாரோடதா இருந்தா உங்களுக்கு என்ன? விரிச்சவன் நான். பூட்ஸக் கழுவு, குதிகாலத் தேயின்னு வாசல்ல நின்னு கத்திட்டு, அத என் கையாலயே எடுத்துட்டுப் போயி விரிச்சவன் நான். அவ தெரிஞ்ச அன்னைக்கே சொல்லுன்னு எழுதினா. மெர்வின் மருந்து கொடுத்து விட்டப்பகூடச் சொல்லாம இருந்தவன் நான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. மெர்வின் என்னைப் பார்த்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கேக்கை யாரும் வெட்டவில்லை.

அலுவலகத்துக்காரர்கள் வந்து வேர்களைத் தோண்டிக்கொண்டு போனார்கள். இப்போதைக்கு எதுவும் அகப்படவில்லை. ஆனால் அது மெதுவாகப் பெருகும் பூச்சியாம். மூன்று கோடைக்குக் கொடியடியில் பொறி வைத்துப் பார்ப்பார்களாம். அதுவரை இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சுற்றி வேலி போட்டு, பலகை மாட்டிவிட்டார்கள். ஆலைக்காரனிடம் நானே சொன்னேன். மற்றவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டான், என்னுடையதை வேண்டாம் என்றுவிட்டான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அப்படிப்பட்ட பழம் கொடியிலேயே சுருங்குவதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. மைனா மாதிரி கறுப்புக் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து தின்றன. கல் எறியக்கூட எனக்கு மனசு வரவில்லை.

மெர்வின் பதினோரு நாள் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு வேலை இல்லை. தேவாலயத்தில் ஒரு பெஞ்சு இல்லை, இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தான். பிறகு ஒரு காலை, கம்பியருகே அவன் டிராக்டர் சத்தம் கேட்டது. அவன் அப்பாவின் பழைய மரப் பிழிபொறியையும் ஒரு பீப்பாயையும் கொண்டுவந்து கம்பிக்கு மேலாகத் தூக்கி என் பக்கம் இறக்கினான். அவன் மகன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், பாரத்தில் மூச்சு முட்டியது.

"பழத்த வீணாக்காத, நீயே பிழி" என்றான். "அப்புறம் இதத் திருப்பித் தர வேணாம்."

"ஏன்?"

"ஏன்னா? உன் மண்ணு பட்ட எதுவும் என் பக்கம் வரக்கூடாது. உனக்குப் புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேனே."

அவன் அப்பாவின் பொறி அது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கிளம்பினான். டிராக்டரில் ஏறியவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "அந்தக் கம்பளிய எதுக்குப்பா உன்னோடதுன்னு சொன்ன? அஞ்சு வயசுப் புள்ளகூட நம்பாதே அத."

"அவ இந்த ஊர்ல தலகாட்ட முடியாமப் போச்சுன்னா நான் யாரோட சண்ட போடறது?" என்றேன்.

"நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றான். அது அவன் பேச ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். அதற்கப்புறம் நிறுத்தாமல் அரை மணி நேரம் திட்டினான். எனக்குத் திட்டு வாங்க அவ்வளவு சுகமாக இருந்தது.

கால்வாசிப் பழத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. நானும் ஹேசலும் பிழிந்தோம். அவள் துணி துவைக்கிற தொட்டி இனி எதற்கும் உதவாது. நான் ஒயின் செய்கிறவன் இல்லை, பழம் விளைவிக்கிறவன், அதனால் குடிக்கிற மாதிரி இருக்குமா என்று தெரியாது. விற்கவும் எனக்கு உரிமம் கிடையாது. வீட்டோடு குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். ஹேசலுக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் போனால் தலை வலிக்கும். மெர்வின் கம்பியைத் தாண்ட மாட்டான்.

உன்னை வராதே என்று எழுதியது கோபத்தில் எழுதியது. அதைப் படித்து நீ அழுதாய் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் வா. காரை ரோட்டிலேயே விடு. தோட்டத்துக்குள் உன்னை விட மாட்டேன், யாரையும் விட மாட்டேன். வேலிக்கு வெளியே, கொடிகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரலாம். நீ எதையும் கொண்டுவர வேண்டாம், நாற்காலி நான் போடுகிறேன்.

லெஸ்டர்